பூச்சு நிற்பது எதனால்? கலாய் முதல் எவர்சில்வர் வரை

ஒரு தொழில் மறையும்பொழுது அதனோடு சில சொற்களும் மறைந்துவிடுகின்றன. அத்தொழிலாளர் தம் கையில் வைத்திருந்த அறிவும் பெயரின்றிப் போய்விடுகின்றது. 'கலாய்' என்பது அவ்வாறு மறைந்துவரும் சொற்களுள் ஒன்று. செம்பு, பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தே வெள்ளீயம் பூசுவதைக் கலாய் பூசுதல் என்றும், அதனைச் செய்பவரைக் கலாய்க்காரர் என்றும் நம் பெரியோர் வழங்கினர். இன்றைய மாணவனிடம் இச்சொல்லைக் கூறினால் கேலி செய்தல் என்றே பொருள் கொள்வான். அவன்மீது குற்றமில்லை. அவன் வீட்டு அடுக்களையில் உள்ளவை பெரும்பாலும் எவர்சில்வர். அவற்றிற்குக் கலாய் வேண்டுவதில்லை.

ஆயினும் அந்த எவர்சில்வரின் மேலும் பூச்சு ஏற்ற வேண்டிய தேவை இன்று தொழிற்சாலைகளில் உண்டு. அப்பூச்சு உரியாமல் நிற்கும் பொருட்டு, முதலில் எவர்சில்வரின் மேற்பரப்பில் நைட்ரஜனைப் புகுத்துகின்றனர். இது நேற்றுத் தோன்றிய அறிவு என்று நாம் எண்ணிவிடக் கூடாது. தெருவோரத்தில் துருத்தி ஊதிய கலாய்க்காரரும், கதவடைத்த பிளாஸ்மா உலையின் முன் நிற்கும் பொறியியலாரும் விடை தேடுவது ஒரே வினாவுக்குத்தான். ஓர் உலோகத்தின்மேல் இன்னொன்றைப் பூசினால் அது நிற்பது எதனால்? இவ்வினாவின் வரலாற்றைப் பினாங்கிலிருந்து தொடங்கிக் காண்போம்.

கலாய் என்னும் சொல்

கலாய் என்பது உருதுமொழி வழியாகத் தமிழுக்கு வந்த சொல். அதன் மூலம் அரபு மொழியில் உள்ளது. அரபு வணிகர் வெள்ளீயத்தைக் 'கலயீ' என்ற பொருள்பட வழங்கினர். 'கலா' என்னும் ஊரிலிருந்து வந்தது என்பது அதன் பொருள் எனப் பல அறிஞர் கொள்வர். கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அரபு நூலாசிரியர்கள், வெள்ளீயம் விளையும் துறைமுக நாடாகக் கலாவைக் குறித்துள்ளனர். அந்தக் கலா எது? கெடாவே என்பார் பலர். மலாய்த் தீபகற்பத்து மேலைக் கரையின் வேறொரு துறைமுகம் என்பாரும் உளர். எக்கூற்றைக் கொண்டாலும் பினாங்கு நிற்கும் இக்கடற்கரைப் பகுதியை விட்டு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

கெடாவைத் தமிழர் கடாரம் என்றனர். முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடற்படை செலுத்திக் கடாரம் கொண்டதை அவன் மெய்க்கீர்த்தி கூறுகின்றது. பினாங்குத் தீவும் 1786இல் பிரான்சிஸ் லைட் கொடியேற்றும் வரை கெடா சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்டதே ஆகும். அறிஞர் பலர் கொள்ளும் கருத்துப்படி நோக்கினால், தஞ்சையிலும் மதுரையிலும் பாத்திரத்திற்குக் கலாய் பூசிய தொழிலாளி, தான் அறியாமலே, கடாரக் கடற்கரையின் பெயரை ஒவ்வொரு நாளும் உச்சரித்தான் என்றாகின்றது. சொல்லாராய்ச்சியில் இதனினும் இனிய செய்தி வேறு யாது?

பினாங்கும் வெள்ளீயமும்

வெள்ளீயம் பேராக் மாநிலத்தில் பெருகக் கிடைத்தது. 1848ஆம் ஆண்டளவில் லோங் ஜாபார் என்னும் மலாய்த் தலைவர் லாருட் பகுதியில் சுரங்கம் தொடங்கினார். பின்னர்க் கிந்தா பள்ளத்தாக்கு அதனையும் விஞ்சியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகம் பயன்படுத்திய வெள்ளீயத்தில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து சென்றது. லாருட்டுக்கு வேண்டிய முதலும் அரிசியும் ஆட்களும் பினாங்கிலிருந்தே போயின. தோண்டிய கனிமம் பினாங்குக்கே வந்தது.

கனிமத்தை உருக்கும் ஆலைகளும் இங்கே எழுந்தன. 1887இல் தோன்றிய ஸ்ட்ரெயிட்ஸ் டிரேடிங் கம்பெனி, சிங்கப்பூருக்கு அருகிலுள்ள பிராணித் தீவில் ஓர் ஆலை நடத்தியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்குக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்திலும் ஒன்றை நிறுவியது. ஜார்ஜ் டவுனில் டத்தோ கிராமட் சாலையில் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனியின் ஆலை இருந்தது. இவ்வட்டார வெள்ளீயம் தூய்மைக்குப் பெயர்பெற்றது. இந்தியாவில் வெள்ளீயக் கனிமம் மிகக் குறைவு. ஆதலின் அந்நாட்டுக் கலாய்க்காரர் கையிலிருந்த ஈயக்குச்சி பெரும்பாலும் கடல் கடந்து வந்ததே.

இவ்வாறு ஈயம் மேற்கே சென்ற காலத்தில் நம் முன்னோர் கிழக்கே வந்தனர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய அவர்கள் தத்தம் செம்பையும் குடத்தையும் உடன் கொணர்ந்தனர். பாத்திரம் சென்ற இடமெல்லாம் அதற்குக் கலாய் பூசும் தேவையும் சென்றது.

கலாய்க்காரர் செய்த வேலை

பித்தளைக்குள்ளும் செம்புக்குள்ளும் புளியோ மோரோ நெடுநேரம் இருந்தால் பச்சை நிறக் களிம்பு தோன்றும். அது உடலுக்குத் தீங்கு செய்வது. செம்போடு களிம்பு கூடியே இருப்பதைச் சைவ சித்தாந்த நூல்கள் உயிரைப் பற்றிய ஆணவ மலத்திற்கு உவமையாக எடுத்தாளுகின்றன. அவ்வளவு தெளிவாக நம் முன்னோர் அதனைக் கண்டிருந்தனர். களிம்பு உணவிற் சேராவண்ணம் தடுப்பதே கலாயின் பயன்.

வேலை நடந்த முறையை நினைவுகூர்வோம். முதலில் பாத்திரத்தை மணலும் புளியும் இட்டுத் தேய்த்துக் கழுவுவர். பின்னர் நிலத்தில் குழி தோண்டிக் கரி இட்டுத் துருத்தியால் ஊதிப் பாத்திரத்தைக் காய்ச்சுவர். சூடேறியதும் நவச்சாரப் பொடியை உள்ளே தூவுவர். வெண்புகை குபீரென எழும். உடனே ஈயக்குச்சியைச் சூடான பரப்பில் தொட, ஈயம் உருகும். அதனைப் பஞ்சினாலோ துணியினாலோ ஒரே ஓட்டமாகத் துடைக்க, மஞ்சட் பித்தளை கண்ணெதிரே வெள்ளிபோல் ஒளிரும். இறுதியில் பாத்திரத்தை நீரில் அமிழ்த்துவர்.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஈயம் பூசுவதற்கு ஆகும் நேரம் சில நொடிகளே. தேய்த்தல், காய்ச்சுதல், நவச்சாரம் தூவுதல் ஆகியவற்றிற்கே உழைப்பு முழுவதும் செலவாகின்றது. நவச்சாரம் இடாமல் ஈயத்தை உருக்கி ஊற்றினால், தாமரை இலைமேல் நீர்போல அது திரண்டு உருளும், பரவாது, பற்றாது. ஆகவே கலாயின் உயிர் ஈயத்தில் மட்டும் இல்லை. ஈயம் வந்து அமரும் பரப்பை ஆயத்தம் செய்வதிலும் உள்ளது.

நவச்சாரத்தின் இயல்பு

உலோகத்தைக் காற்றில் வைத்தால் ஆக்ஸிஜன் அதனோடு கூடி ஆக்சைடு என்னும் மெல்லிய ஏட்டினை உண்டாக்கும். காய்ச்சும்பொழுது இது இன்னும் விரைந்து வளரும். ஈயம் உலோகத்தோடு கூடும். அந்த ஏட்டோடு கூடாது. நடுவில் நிற்கும் ஏட்டினை அகற்றுவதே நவச்சாரத்தின் பணி.

நவச்சாரம் என்பது வேதியியலார் அம்மோனியம் குளோரைடு என்று கூறும் உப்பு. சூடேறினால் அது இரண்டாகப் பிரியும். ஒன்று அம்மோனியா, மற்றொன்று ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி. அமில ஆவி ஆக்சைடைக் கரைத்து அகற்றும். அம்மோனியா சூழ்ந்து நின்று, துலங்கிய பரப்பைக் காற்று மீண்டும் கெடுக்காவண்ணம் துணைபுரியும். பிரிந்த இரண்டும் மேலே சென்று குளிர்ந்து மறுபடியும் உப்பாகக் கூடுவதே நாம் கண்ட வெண்புகை. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகும். தூய பரப்பைத் தொட்டவுடன் அது செம்போடு கலந்து, இரண்டு உலோகங்களுமான ஒரு நுண்ணிய இடைப்படையை உண்டாக்கும். அந்த இடைப்படையே பூச்சைப் பிடித்து நிறுத்தும் வேர். பசையால் ஒட்டியதுபோல் இன்றி, பதியம் வைத்த கொடிபோல் ஈயம் செம்பில் ஊன்றிவிடுகின்றது.

இந்த உப்பின் வரலாறும் பழமையானது. சித்த மருத்துவம் நவச்சாரத்தை அறியும். எகிப்தில் ஒட்டகச் சாணத்தை எரித்த புகைக்கரியிலிருந்து இதனை எடுத்தனர். வட இந்தியாவில் கர்நால் வட்டாரத்தில் குயவர் சூளைகளில் இது செய்யப்பட்டது. விலங்கின் கழிவிலிருந்த நைட்ரஜனே அம்மோனியாவாகி, உப்பாகி, அடுக்களைப் பாத்திரத்தைத் துலக்க வந்தது. ஆனால் கலாயில் நைட்ரஜன் உலோகத்துள் புகுவதில்லை. ஏவல் செய்துவிட்டுப் புகையாய்ப் போய்விடுகின்றது. இந்தக் குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்வோம், பின்னர் வேண்டும்.

தகரமும் தோட்டத்துக் கூரையும்

கலாய்க்காரர் ஒவ்வொரு பாத்திரத்திற்கும் செய்ததை ஐரோப்பியர் ஆலையில் ஆயிரக்கணக்கான இரும்புத் தகடுகளுக்குச் செய்தனர். வேல்ஸ் நாட்டில் வெள்ளீயம் பூசிய தகட்டுத் தொழில் ஓங்கியது. 1810இல் பீட்டர் டியூராண்ட் என்பவர் தகரக் குவளையில் உணவை அடைத்துக் காக்கும் முறைக்கு இங்கிலாந்தில் உரிமம் பெற்றார். அதன்பின் வெள்ளீயத்தின் தேவை பெருகியது. லாருட்டிலும் கிந்தாவிலும் மண்வெட்டி ஓயாமல் விழுந்ததற்கு இதுவும் பெருங்காரணம். நம் ஊர்க் காப்பிக் கடைகளில் முன்னாளில் காப்பி கட்டிக் கொடுத்த பால் டின்னும் இந்தக் குலத்தைச் சேர்ந்ததே.

இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் முறைக்கு 1837இல் பிரான்சு நாட்டுச் சோரெல் என்பவர் உரிமம் பெற்றார். தோட்டத்து லயங்களின் கூரையாய் அமைந்த நெளிதகடு இதன் விளைவு. நாம் அதனையும் 'தகரம்' என்றே கூறுகின்றோம். வெள்ளீயத்தைக் குறித்த சொல், வெள்ளீயம் பூசிய தகட்டுக்கு ஆகி, பின் துத்தநாகம் பூசிய தகட்டுக்கும் ஆகிவிட்டது. கூரைத் தகட்டையும் முதலில் அமிலத்தில் கழுவி, நவச்சாரமும் துத்தநாகக் குளோரைடும் சேர்ந்த உப்புக் கரைசலில் நனைத்து, அதன் பின்னரே சுமார் 450 பாகை செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் தோய்ப்பது வழக்கம். மழைக்கும் வெயிலுக்கும் பல்லாண்டு ஈடுகொடுத்த அந்தக் கூரையின் பின்னாலும் நம் நவச்சாரம் நின்றது!

எவர்சில்வரின் தடை

இனி எவர்சில்வருக்கு வருவோம். இரும்போடு குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேர்ந்தால் துரு ஏறாத எஃகு கிடைக்கும். 1912இல் ஜெர்மனியின் குரூப் நிறுவனமும், 1913இல் இங்கிலாந்து ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லியும் இத்தகைய எஃகுகளைக் கண்டனர். பாத்திரங்களுக்கு ஏற்றதெனப் பெயர்பெற்றது 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் சேர்ந்த வகை. தமிழ் மக்கள் அதற்கு எவர்சில்வர் என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டனர். 1981இல் சேலம் உருக்காலை எவர்சில்வர்த் தகடு உருட்டத் தொடங்கியது. கலாய்க்காரரின் வேலை இல்லங்களில் குறைந்து போனதற்கு எவர்சில்வரும் அலுமினியமுமே காரணம்.

எவர்சில்வர் துரு ஏறாதிருப்பது எதனால்? அதன் மேற்பரப்பில் குரோமிய ஆக்சைடு ஏடு ஒன்று தானே தோன்றுகின்றது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் இரண்டு மூன்று பங்கு மட்டுமே. கீறினாலும் காற்றுப் பட்டவுடன் அது மீண்டும் வளர்ந்துவிடும். செம்புக்குக் களிம்பு பகை. எவர்சில்வருக்கோ அதன் ஆக்சைடே கவசம். ஆனால் அந்தக் கவசமே பூச்சுக்குத் தடையாகின்றது. எதனையும் உள்ளே விடாத காவலன், வேண்டிய விருந்தினரையும் வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றான்.

மற்றொரு குறையும் உண்டு. எவர்சில்வர் துரு ஏறாதது, ஆயினும் கடினமானதன்று. உரசினால் தேயும், ஒன்றோடொன்று அழுத்தி உராய்ந்தால் கவ்விக்கொள்ளும். கரண்டிக்கு இது குறையாகாது. எந்திரத் தண்டுக்கும் வால்வுக்கும் அச்சுக்கும் இது பெருங்குறை. ஆகவே அதன்மேல் டைட்டேனியம் நைட்ரைடு போன்ற மிகக் கடினமான பூச்சினை ஏற்ற விரும்பினர். கடைகளில் பொன்னிறமாகத் தோன்றும் துளையூசிகளின் நிறம் இப்பூச்சின் நிறமே.

நைட்ரஜன் குடியேறிய வரலாறு

எஃகின் மேற்பரப்பில் நைட்ரஜனைப் புகுத்திக் கடினமாக்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது. அமெரிக்காவில் அடால்ப் மாக்லெட் 1908இல் விண்ணப்பித்து 1913இல் இதற்கு உரிமம் பெற்றார். ஜெர்மனியில் குரூப் நிறுவனத்தைச் சேர்ந்த அடால்ப் பிரை 1920களில் இதனை நன்கு வளர்த்தார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தானே, அதனை ஊதினால் போதாதா என மாணவர் கேட்கலாம். போதாது. காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக மிக இறுகப் பிணைந்துள்ளன, எளிதில் பிரியா. அம்மோனியாவை 500 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் எஃகின்மேல் செலுத்தினால், அது எஃகின் பரப்பிலேயே உடைந்து, தனித்த நைட்ரஜன் அணுக்களைத் தரும். அவையே உள்ளே புகும்.

1913ஆம் ஆண்டு இவ்வகையில் நினைவிற் கொள்ளத் தக்கது. மாக்லெட் உரிமம் பெற்றதும், பிரியர்லி தம் எஃகைக் கண்டதும் அவ்வாண்டே. ஹேபரின் முறையைக் கார்ல் போஷ் பெரிதாக்கி, காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்தே அம்மோனியா செய்யும் ஆலையை ஜெர்மனியின் ஓப்பாவு என்னும் ஊரில் இயக்கியதும் அவ்வாண்டே. அதன்பின் அம்மோனியாவுக்குச் சாணத்தையும் சூளையையும் நம்பியிருக்க வேண்டிய காலம் போயிற்று.

ஆனால் எவர்சில்வரிடம் அம்மோனியா தோற்றது. குரோமிய ஆக்சைடு வழிவிடவில்லை. அப்பொழுது பொறியியலார் கையாண்ட வழிகளுள் ஒன்று, உலையினுள் சிறிது நவச்சாரம் இடுதல்! கலாய்க்காரரின் அதே உப்பு. அமில ஆவி ஆக்சைடைக் கரைத்தது, வழி திறந்தது, நைட்ரஜன் உள்ளே சென்றது. செம்புப் பாத்திரத்தில் ஏவல் செய்து புகையாய்ப் போன நைட்ரஜன், எவர்சில்வரில் குடியேறிவிட்டது. இந்த இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றிக் கலாய்க்காரரின் அறிவு எத்துணை ஆழமுடையது என்பது விளங்காது. அவர் வாய்ப்பாடு அறியார். ஆயினும் தடை எங்கே உள்ளது, அதனை எது அகற்றும் என்பவற்றை ஐயமற அறிந்திருந்தார்.

அமில ஆவிக்கும் தீமை உண்டு. அது உலையையும் அரிக்கும். வேறு வழியை ஜெர்மானியரான பெர்ன்ஹார்டு பெர்காவுஸ் 1930களில் காட்டினார். காற்றை வெளியேற்றிய கலத்தினுள் சிறிதளவு நைட்ரஜனும் ஹைட்ரஜனும் விட்டு, பல நூறு வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், வளி ஊதா நிறமாய் ஒளிரும். இதுவே பிளாஸ்மா. அதிலுள்ள மின்னேற்ற அணுக்கள் எஃகின்மேல் மோதி ஆக்சைடைச் செதுக்கி அகற்றும். அதே வேளையில் நைட்ரஜனும் உள்ளே புகும். துலக்குவதும் புகுத்துவதும் ஒரே செயலாகிவிடுகின்றன. இம்முறை 1960களுக்குப் பின்னரே ஆலைகளில் பரவியது. இந்தியாவில் காந்திநகருக்கு அருகிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இதனைத் தொழிற்சாலைகளுக்குக் கற்றுக்கொடுத்து வருகின்றது.

அளவு அறிந்து செய்தல்

இதில் ஓர் இடர் இருந்தது. 500 பாகைக்கு மேல் சூடாக்கினால் நைட்ரஜன் எவர்சில்வரிலுள்ள குரோமியத்தைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். கவசத்துக்கு வேண்டிய குரோமியம் குறைந்துபோம்; எஃகு கடினமாகும், ஆனால் துரு ஏறும். எவர்சில்வர் தன் பெயரையே இழந்துவிடும். 1985இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சாங், பெல் ஆகிய இருவரும் தம் ஆய்வை வெளியிட்டனர். சூட்டை ஏறக்குறைய 450 பாகைக்குள் நிறுத்தினால், நைட்ரஜன் குரோமியத்தைப் பிடிக்காமல் இரும்பின் அணு அடுக்குகளுக்கு இடையே அமர்ந்து அவற்றை விரிக்கின்றது. கடினமும் பலமடங்கு உயர்கின்றது; துரு ஏறாத தன்மையும் நிலைக்கின்றது. 200, 250 விக்கர்ஸ் அளவிலிருந்த கடினம் 1,000த்தைக் கடக்கின்றது.

இவ்வாறு ஆயத்தம் செய்த பரப்பின்மேல் பொன்னிறப் பூச்சினை ஏற்றினால் அது ஏன் நன்கு நிற்கின்றது? மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, தடையாய் நின்ற ஆக்சைடு அகன்றுவிட்டது. இரண்டாவது, பூச்சிலும் நைட்ரஜன், அடிப்பரப்பிலும் நைட்ரஜன். அந்நியமான இரண்டுக்கு நடுவே உறவு ஏற்பட்டுவிட்டது. மூன்றாவது, தாங்கும் வலிமை. மெத்தையின்மேல் கண்ணாடித் தகட்டை வைத்து அழுத்தினால், கண்ணாடி எவ்வளவு கடினமாயினும் உடையும். பலகைமேல் வைத்தால் தாங்கும். மெல்லிய எவர்சில்வரின்மேல் இரண்டு மூன்று மைக்ரான் கனமுள்ள கடினப் பூச்சு அந்தக் கண்ணாடியே. நைட்ரஜன் புகுந்த படை அதன் அடியில் பலகையாய் நிற்கின்றது. மென்மை, கடினம், மிகு கடினம் எனப் படிப்படியாக ஏறுவதால் விரிசல் தோன்றுவது குறைகின்றது.

மிகுதியும் தீது. கருவி எஃகுகளில் நைட்ரஜன் அளவு கடந்து, மேலே உடையும் தன்மையுள்ள ஒரு வெண்படை தோன்றிவிட்டால், அதுவே பூச்சை உரியச் செய்யும். ஆகவே அப்படையைத் தோன்றாமல் காப்பர், அல்லது தேய்த்து நீக்கிய பின்னரே பூசுவர். கலாய்க்காரரும் பாத்திரத்தை அளவறிந்தே காய்ச்சினார். சூடு குறைந்தால் ஈயம் பரவாது. மிகுந்தால் ஈயம் கருகும்.

நமக்கு இதில் என்ன?

வெள்ளீயத்தின் சிறப்பு பிற்காலத்தில் தாழ்ந்தது. 1985 அக்டோபரில் அனைத்துலக வெள்ளீய மன்றம் பணமின்றி நின்றபொழுது விலை சரிந்து, மலேசியச் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. பினாங்கோ அதற்கு முன்னரே வேறு தொழிலுக்குத் திரும்பியிருந்தது. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிக வட்டாரம் தொடங்கியது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. அத்தொழிலில் மின்னணுச் சில்லுகளின் உலோகக் கால்களுக்கு வெள்ளீயம் பூசுவது இன்றும் வழக்கம். பூசுமுன் ஆக்சைடு நீக்குவதும் வழக்கம். கடாரத்து வெள்ளீயம் அடுக்களையை விட்டுச் சென்றாலும் பினாங்கை விட்டுச் செல்லவில்லை.

தோட்டப் பள்ளிகளில் பயின்ற நம் பிள்ளைகள் பலர் அவ்வாலைகளில் பணி செய்கின்றனர். அவர்களிடம் அறிவியல் என்பது வேற்றார் வீட்டுச் சொத்து என்னும் எண்ணம் இன்னும் மிகுதி. இவ்வெண்ணத்தைப் போக்கும் கடமை ஆசிரியர்களாகிய நமக்கு உண்டு. எம் பள்ளியில் துருப்பிடித்த டின் ஒன்றைப் பாதியளவு உப்புத்தாளால் தேய்த்து, முழுவதும் வண்ணம் பூசி உலர்த்தினோம். பின்னர் ஒட்டுநாடாவை ஒட்டிப் பிய்த்தபொழுது, தேய்க்காத பாதியில் வண்ணம் துருவோடு உரிந்து வந்தது. தேய்த்த பாதியில் நின்றது. பூசும் முன்னர் மாணவர் கேட்டதெல்லாம் எந்த வண்ணம் நல்லது என்பதே. பிய்த்த பின்னர், அடியில் என்ன இருந்தது என்று கேட்டனர். கலாய்க்காரரின் பாடம் அவ்வளவே. நவச்சாரத்தைச் சூடாக்கும் சோதனையை மட்டும் வகுப்பறையில் செய்தலாகாது. அதன் ஆவி கண்ணையும் மூச்சையும் தாக்கும்.

சொற்களிலும் கருத்து வேண்டும். 'ஈயம்' என்ற ஒரே சொல்லால் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் குறிப்பது நம்மிடம் பரவிய வழக்கு. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அது தீங்கற்றது. காரீயமோ நஞ்சு; குழந்தைகளின் மூளையைத் தாக்குவது. விலை மலிவு கருதிக் கலாயில் காரீயம் கலந்தவரும் உண்டு. பாத்திரம் பளபளத்தது, உண்டவர் உடல் கெட்டது. ஆதலின் பாடம் நடத்தும்பொழுது வெறுமனே ஈயம் என்னாது, வெள்ளீயம், காரீயம் என்று பிரித்துக் கூறுவோம். பெயரிற் பிழை உயிருக்கு ஊறாகும் இடங்களுள் இதுவும் ஒன்று.

களிம்பு, கலாய், நவச்சாரம், துருத்தி, பற்று ஆகிய சொற்கள் நம்மிடம் ஆயத்தமாய் உள்ளன. இவற்றைக் கொண்டே பிளாஸ்மா உலை வரையிலும் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம் என்பதற்கு இக்கட்டுரையே சிறு சான்று. வீட்டின் மூலையில் பாட்டியாரின் பித்தளைச் செம்பு ஒன்று கிடக்குமாயின், அதனை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதன் உட்புறத்தில் தேய்ந்தும் தேயாமலும் வெண்மை எஞ்சியிருக்கும். அந்த வெண்மை பல்லாண்டு நின்றது எதனால் என்று முதலில் கேளுங்கள். பாடத்தைப் பின்னர்த் தொடங்குங்கள்.